வரைபடத்தின் ஓரத்தில் நிற்கும் விவசாயி

ஒரு பெரிய வெள்ளை சார்ட் தாள், நான்கு நிறங்களில் ஸ்கெட்ச் பேனாக்கள், ஒரு கட்டு ஒட்டுத்தாள், ஒரு டப்பா நிறைய வட்டமான மரக் காய்கள். மாறிவரும் காலநிலைக்கு ஏற்பச் சிறு விவசாயிகள் தங்களை மாற்றிக்கொள்ள உதவும் காலநிலைத் தகவமைப்புக் கொள்கையை உண்மையில் யார் தீர்மானிக்கிறார்கள் என்பதைக் கண்டறிய நடத்தும் பயிலரங்குகளுக்கு நான் கொண்டுபோகும் பொருள்கள் இவ்வளவுதான். ஏவா ஷிஃபர் என்ற ஆய்வாளர் கானாவில் வெள்ளை வோல்ட்டா ஆற்றுப் படுகையின் நீர் நிர்வாகத்தை ஆராய்ந்தபோது உருவாக்கிய ‘நெட்-மேப்’ என்னும் முறை இது. வந்திருப்பவர்கள், இந்தக் கொள்கையில் தலையிடும் ஒவ்வொரு தரப்பின் பெயரையும் ஒரு ஒட்டுத்தாளில் எழுதி சார்ட்டில் ஒட்டுவார்கள். பிறகு பணம், தகவல், உத்தரவு, ஆலோசனை ஆகிய நான்கும் யாரிடமிருந்து யாருக்குப் போகின்றன என்று நிறத்துக்கு ஒன்றாக அம்புக்குறி வரைவார்கள். கடைசியில், எவருக்கு எவ்வளவு செல்வாக்கு என்பதைக் காட்ட, அந்தந்தப் பெயரின் மேல் காய்களைக் கோபுரம் போல அடுக்குவார்கள்.

எத்தனையோ முறை செய்த பிறகும் ஒரு காட்சி மாறுவதே இல்லை. காலையில் ‘சிறு விவசாயி’ என்று பெரிய எழுத்தில் எழுதித் தாளின் நடுவில்தான் ஒட்டுவார்கள். அம்புகள் பெருகப் பெருக, இடம் போதவில்லை என்று அந்த ஒட்டுத்தாளை யாராவது ஒருவர் எடுத்து ஓரத்துக்கு நகர்த்துவார். மதியத்துக்குள் அமைச்சகமும் நன்கொடை நிறுவனங்களும் ஆராய்ச்சி நிலையமும் காப்பீட்டு நிறுவனமும் நடுவில் நெருக்கமாகப் பின்னிக்கொண்டிருக்கும்; விவசாயியை நோக்கிப் பல அம்புகள் வரும், விவசாயியிடமிருந்து ஒன்றோ இரண்டோ மட்டும் புறப்படும். காய்களை அடுக்கும்போது அந்தப் பெயரின் மேல், மரியாதைக்காக, ஒரே ஒரு காய் வைக்கப்படும்.

ஒரு பயிலரங்கில், ஒரு ஹெக்டேருக்கும் குறைவான குத்தகை நிலத்தில் பயிர் செய்யும் பெண்மணி ஒருவர் வெகுநேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, அருகிலிருந்த அதிகாரியிடம், “நான் எந்த விதை போடுவது என்று முடிவு செய்பவர் இந்தத் தாளிலேயே இல்லையே, ஐயா” என்றார். அவர் சொன்னது விதையையும் உரத்தையும் கடனுக்குக் கொடுக்கும் கடைக்காரரைப் பற்றி. வறட்சியைத் தாங்கும் ரகத்தைப் பற்றி, வேளாண் ஆலோசனையை ஊர்களுக்குக் கொண்டுசெல்லும் விரிவாக்கப் பணியாளர் எவ்வளவு எடுத்துச் சொன்னாலும், கடனுக்குக் கிடைக்கும் விதையைத்தான் அவர் விதைக்க முடியும். சற்று யோசித்துவிட்டு நில உரிமையாளரின் பெயரையும் சேர்க்கச் சொன்னார். வரப்பை உயர்த்துவதோ, மரம் நடுவதோ, மழைநீர்க் குட்டை வெட்டுவதோ உரிமையாளரின் அனுமதி இல்லாமல் நடக்காது; அடுத்த ஆண்டு குத்தகை தொடருமா என்று தெரியாத நிலத்தில் மண்வளத்துக்காக இன்று செலவு செய்ய யாருக்கும் துணிவு வராது. அந்த அறையில் இருபது பேருக்கு மேல் இருந்தோம். எங்களில் ஒருவருக்கும் இந்த இரண்டு பெயர்களும் தோன்றியிருக்கவில்லை.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆவணங்களில் இந்தத் தரப்புகளை எல்லாம் ‘பங்குதாரர்கள்’ என்று எழுதும் வழக்கம் பரவிவிட்டது. நிறுவனத்தில் முதல் போட்டவருக்கும், தொழிலில் கூட்டுச் சேர்ந்தவருக்கும் நாம் பயன்படுத்திவரும் சொல் அது. பங்கு என்றாலே சமமான கணக்கு ஒன்று இருப்பது போன்ற எண்ணத்தைத் தருகிறது. காப்பீட்டு நிறுவனத்துக்கு ஆதாயத்தில் பங்கு. ஆலோசனை நிறுவனத்துக்குக் கட்டணத்தில் பங்கு. விளைச்சல் பொய்த்த ஆண்டில் இழப்பு முழுவதும் சிறு விவசாயிக்கு. இவர்கள் எல்லோரையும் ஒரே சொல்லில் அடக்குவது எனக்கு உடன்பாடில்லை என்பதால் ‘தொடர்புடைய தரப்பினர்’ என்றே எழுதுகிறேன். நீளமான தொடர்தான், ஆனால் தொடர்பு இருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் உறுதியளிப்பதில்லை.

வலைப்பின்னலை ஏன் இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு மலாவியின் அனுபவத்தைத்தான் நான் முதலில் எடுத்துச் சொல்வேன். ஆப்பிரிக்க ஒன்றியத்தின் சிறப்பு முகமையாக 2012-ல் தொடங்கப்பட்ட ‘ஆப்பிரிக்கன் ரிஸ்க் கெபாசிட்டி’, நாடுகளுக்கு வறட்சிக் காப்பீடு வழங்குகிறது. செயற்கைக்கோள் தரும் மழை அளவை ஒரு கணினி மாதிரியில் இட்டு, எத்தனை பேர் பாதிக்கப்படுவார்கள் என்று கணக்கிட்டு, வரம்பைத் தாண்டினால் அரசுக்கு உடனே பணம் கொடுப்பது அதன் ஏற்பாடு. 2015-16 பருவத்துக்கு மலாவி அரசு சுமார் 47 லட்சம் டாலர் சந்தா கட்டியது. அந்தப் பருவம் கடுமையான வறட்சியில் முடிந்தது. 2016 ஏப்ரலில் அரசு தேசியப் பேரிடரை அறிவித்தது. 65 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு உணவு உதவி தேவைப்படும் என்று மதிப்பிடப்பட்டது. ஆனால் கணினி மாதிரி, பாதிக்கப்பட்டவர்கள் இருபதாயிரம் பேர் அளவில்தான் என்று காட்டியது. அதனால் இழப்பீடு இல்லை.

தவறு எங்கே என்று தேடியபோது தெரியவந்தது மிக எளிய செய்தி. விவசாயிகள் 120 முதல் 140 நாள் வயதுள்ள மக்காச்சோளத்தைப் பயிரிடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டு மாதிரி அமைக்கப்பட்டிருந்தது. களத்தில் பெரும்பாலோர் 90 நாள் ரகத்துக்கு ஏற்கெனவே மாறிவிட்டிருந்தார்கள். குறுகிய வயதுப் பயிருக்கு மழை தவறக் கூடாத நாள்கள் வேறு. அந்த நாள்களில்தான் மழை தவறியது. வீடு வீடாகக் கணக்கெடுத்து இதை உறுதிசெய்த பிறகு மாதிரி திருத்தப்பட்டது, சுமார் 81 லட்சம் டாலர் கொடுக்க முடிவானது. அந்த முடிவு 2016 நவம்பரில்தான் வந்தது. அறுவடை பொய்த்து மாதங்கள் கடந்திருந்தன. விரைவான உதவி என்பதற்காகவே வாங்கப்பட்ட காப்பீடு அது.

இதை ஒரு தொழில்நுட்பப் பிழை என்று எழுதிவிட்டுக் கடந்து செல்பவர்கள் உண்டு. எனக்கு இதில் தெரிவது வேறு. விவசாயிகள் தங்கள் அறிவைக்கொண்டு தகவமைந்துவிட்டார்கள்: மழைக்காலம் சுருங்குவதைப் பார்த்துக் குறுகிய வயது விதைக்கு மாறினார்கள். அந்தச் செய்தி விதை விற்ற கடைக்குத் தெரியும், அடுத்த வயல்காரருக்குத் தெரியும், விரிவாக்கப் பணியாளருக்கும் தெரிந்திருக்கக்கூடும். மாதிரியில் பயிரின் வயதை உள்ளிட்டவருக்குத் தெரியவில்லை. அவருக்கும் வயலுக்கும் இடையே பல அலுவலகங்கள் இருந்தன. அந்த அலுவலகங்களை இணைத்த கோடுகளில் பணமும் அறிக்கைகளும் பயணம் செய்தன, ‘நாங்கள் விதையை மாற்றிவிட்டோம்’ என்ற ஒரு வரி மட்டும் பயணம் செய்ய வழி இருக்கவில்லை. கணினி மாதிரியின் பிழையைத் திருத்தினார்கள். திருத்தியதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் வழி இல்லாமல் இருந்ததே மூலக் காரணம், அது மாதிரியைத் திருத்துவதால் மட்டும் சரியாகிவிடாது.

எத்தியோப்பியாவின் டிக்ரே பகுதியில் அடி ஹா என்ற ஊரில் 2009-ல் 200 குடும்பங்களோடு தொடங்கிய ‘ஹரிதா’ திட்டம் இதே மழைக் காப்பீட்டை வேறு வகையில் அணுகியது. ஆக்ஸ்ஃபாம் அமெரிக்காவும், டிக்ரே நிவாரணச் சங்கமும், ஸ்விஸ் ரீ நிறுவனமும் சேர்ந்து நடத்திய அந்தத் திட்டத்தில், காப்பீட்டை வடிவமைத்த குழுவில் உள்ளூர் விவசாயிகளும் உட்கார்ந்தார்கள். எந்தெந்த ஆண்டுகள் மிக மோசமானவை என்று அவர்கள் நினைவிலிருந்து சொன்னதைச் செயற்கைக்கோள் தரவோடு ஒப்பிட்டார்கள். கையில் பணம் இல்லாதவர்கள் மண், நீர்ப் பாதுகாப்பு வேலைகளைச் செய்து சந்தாவைக் கழிக்கலாம் என்ற ஏற்பாடும் இருந்தது. 2011-ல் உலக உணவுத் திட்டம் சேர்ந்துகொண்டு இது ‘ஆர்-4’ என்று பிற நாடுகளுக்கும் விரிந்தது. மழைக் காப்பீட்டுக்கே உரிய குறைகள் இதிலும் உண்டு. மழை அளவிலிருந்து கணக்கிடும் குறியீடு ஒன்று சொல்ல, வயல் வேறொன்று சொல்லும் ஆபத்து முற்றிலும் நீங்குவதில்லை. ஆனாலும் பயிரின் வயது தவறாகப் பதிவானால் அதைப் பார்த்தவுடன் சொல்லக்கூடியவர் அறைக்குள் இருந்தார்.

சமூக வலைப்பின்னல்களை ஆராய்பவர்கள் ‘இடைநிலை மையத்தன்மை’ என்று ஒன்றைக் கணக்கிடுவார்கள். 1977-ல் லின்டன் ஃப்ரீமன் அதற்கு வகுத்த கணிதம் இன்றும் பயன்படுகிறது. யாருக்கு எத்தனை தொடர்புகள் என்பதை அது பார்ப்பதில்லை. மற்ற இருவர் ஒருவரையொருவர் எட்ட வேண்டுமானால் எத்தனை முறை இவரைக் கடந்துதான் போக வேண்டும் என்பதைப் பார்க்கிறது. தகவமைப்புக் கொள்கையில் இந்த அளவு மிகத் துலக்கமாகப் பேசும். விவசாயிக்குப் பத்து அமைப்புகளோடு தொடர்பு இருக்கலாம். ஆனால் அந்தப் பத்தில் எதுவும் இன்னொன்றை எட்ட விவசாயியைக் கடக்க வேண்டியதில்லை. அதனால் அவருடைய இசைவு இல்லாமலே எல்லாம் நடக்கும். கடக்க வேண்டியவர்கள் வேறு சிலர்: திட்ட முன்மொழிவை எழுதத் தெரிந்த ஆலோசகர், நிதியமைச்சகத்தின் ஒப்புதல் மேசை, வெளிநாட்டு நிதியைப் பெறத் தகுதிச் சான்று வாங்கிய அமைப்பு. இவர்களில் எவரும் தீயவர்கள் இல்லை. பலர் நேர்மையாக உழைப்பவர்கள் என்பதை அருகிருந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் நிற்கும் இடம்தான், எது பேசப்படும், எது விடுபடும் என்பதைத் தீர்மானிக்கிறது.

பணத்தின் கோட்டைத் தொடர்ந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். உலகில் உள்ள 60 கோடிக்கும் மேற்பட்ட பண்ணைகளில் சுமார் 84 சதவீதம் 2 ஹெக்டேருக்கும் குறைவானவை. உலக விளைநிலத்தில் 12 சதவீதத்தை மட்டும் வைத்துக்கொண்டு உலகின் உணவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அவை விளைவிக்கின்றன. க்ளைமேட் பாலிசி இனிஷியேட்டிவ் கணக்கிட்டபடி, 2017-18-ல் உலகக் காலநிலை நிதியில் சிறு விவசாயத்துக்குச் சென்றது 1.7 சதவீதம், 2019-20-ல் அது 0.8 சதவீதம். வளரும் நாடுகளின் காலநிலைத் திட்டங்களுக்கு நிதி தரும் பசுமைக் காலநிலை நிதியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தகவமைப்புக்கும் உமிழ்வுக் குறைப்புக்கும் சரிபாதி ஒதுக்குவது என்ற அதன் கொள்கை வரவேற்கத்தக்கது. ஆனால் அங்கே நிதி கேட்க முதலில் அங்கீகாரம் பெற வேண்டும், அதற்குத் தணிக்கை, கொள்முதல், சமூகப் பாதுகாப்பு விதிகள் என்று நீண்ட பட்டியல் இருக்கிறது. அதன் அளவுகோலில் ‘மிகச் சிறியது’ என்ற வகையே ஒரு கோடி டாலர் வரையிலான திட்டம். ஒரு விவசாயிகள் கூட்டுறவு தன் ஊர்க் கால்வாயைச் சீர்செய்யக் கேட்கும் தொகைக்கு அந்த அளவுகோலில் கோடே கிடையாது. ஆகவே இடையாள் தேவைப்படுகிறார். இடையாளுக்குப் பெரிய திட்டம் தேவைப்படுகிறது. பெரிய திட்டத்துக்குப் பல ஊர்களுக்கும் பொருந்தும் ஒரே தீர்வு தேவைப்படுகிறது. ஊருக்கு ஊர் வேறுபடும் ஒன்றுக்கு ஒரே தீர்வு எப்படி வந்து சேர்கிறது என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

சர்வதேசப் பேச்சுவார்த்தை மேசையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐ.நா. காலநிலை உடன்படிக்கை 1992-ல் உருவானது. அதன் கீழ் வேளாண்மைக்கென்று ‘கொரோனிவியா’ என்ற கூட்டுப் பணித்திட்டம் அமைய 2017 ஆயிற்று, அதன் தொடர்ச்சிக்கு 2022-ல் ஷர்ம் எல்-ஷேக்கில் முடிவானது. தகவமைப்பு நடவடிக்கைகள் பங்கேற்பு முறையில் அமைய வேண்டும் என்று பாரிஸ் ஒப்பந்தத்தின் 7-ஆம் பிரிவு சொல்கிறது. இந்தப் பேச்சுவார்த்தைகளில் பார்வையாளர்களுக்கான ஒன்பது அதிகாரபூர்வக் குழுக்களில் விவசாயிகள் ஒரு குழு. ஏற்றுமதிக்காக ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் பயிரிடுபவரும், வீட்டுக்குப் போக மிஞ்சியதை விற்பவரும் அந்த ஒரே பெயரின் கீழ் வருகிறார்கள். 1993-ல் தொடங்கிய லா வியா காம்பெசினா போன்ற சிறு விவசாயிகள் இயக்கம் தனக்கென ஒரு குரலை வேறு அவையில் தேடிப்போக வேண்டியிருந்ததில் வியப்பில்லை. நீண்ட முயற்சிக்குப் பின் 2018 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை கிராமப்புறத்தில் உழைப்போரின் உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியபோது ஆதரவாக 121 நாடுகள் வாக்களித்தன, 8 நாடுகள் எதிர்த்தன, 54 நாடுகள் ஒதுங்கி நின்றன.

நம்பிக்கை தரும் வலைப்பின்னல் எது என்று கேட்டால் மாலி நாட்டுக்குப் போக வேண்டும். சாஹேல் பகுதியின் பெரும் வறட்சிகளுக்குப் பிறகு, 1982-ல், அந்நாட்டு வானிலைத் துறை வேளாண் அதிகாரிகள், ஆராய்ச்சியாளர்கள், கிராமப்புற வளர்ச்சி முகமைகள், ஊடகத்தார் எல்லோரையும் ஒரே குழுவாக உட்கார வைத்தது. பத்து நாளுக்கு ஒருமுறை அவர்கள் கூடி, மழையும் பயிரும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து, அறிவுரையைத் தயாரித்து, உள்ளூர் மொழிகளில் வானொலியில் அறிவிக்கச் செய்தார்கள். அதைவிட முக்கியம், விவசாயிகள் கையில் மழைமானியைக் கொடுத்தது. மழை நின்றதும் விவசாயி தானே அளவைப் படித்துக் குறித்துக்கொள்வார். இந்த வட்டாரத்தில், இந்தத் தேதிக்குள், இவ்வளவு மில்லிமீட்டர் பெய்திருந்தால் இந்த ரகத்தை விதைக்கலாம் என்ற அட்டவணையோடு ஒப்பிட்டு முடிவு செய்வார். அவர் குறித்த அளவு மேலே வானிலைத் துறைக்கும் போகும். ஒரு சாதாரண மழைமானி, அறிவுரையைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவரைத் தரவு தருபவராக மாற்றியது. வரைபடத்தில் விவசாயியிடமிருந்து புறப்படும் அம்பு என்றால் எனக்கு நினைவுக்கு வருவது அதுதான்.

அந்தத் திட்டத்தையும் முழுமையானது என்று சொல்ல மாட்டேன். பல ஆண்டுகளுக்குப் பின் அதை மதிப்பிட்டவர்கள், அறிவுரையைப் பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் ஆண்கள், அதிலும் ஏரும் உழவு மாடும் சொந்தமாக வைத்திருந்த மூத்தவர்கள் என்று கண்டார்கள். சரியான நாள் தெரிந்தால் மட்டும் போதாது. அந்த நாளில் உழ மாடு வேண்டும். இரவல் மாட்டுக்குக் காத்திருப்பவருக்கும், எந்த நிலத்தில் எதை விதைப்பது என்ற முடிவு தன் கையில் இல்லாத பெண்ணுக்கும் வானொலி சொன்ன தேதி எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயனில்லை. தானியப் பற்றாக்குறையை நினைத்து அமைக்கப்பட்ட குழுவில் இந்தக் கேள்வியைக் கேட்கக்கூடியவர் இருக்கவில்லை. வலைப்பின்னல் நன்றாக இயங்கிய இடத்திலும் அதன் விளிம்பு யாரையோ வெளியே விட்டுவிட்டது.

பணத்தின் திசையை மாற்றிய முயற்சிகளும் உண்டு. நேபாளம் 2011-ல் தன் காலநிலைக் கொள்கையில், கிடைக்கும் நிதியில் குறைந்தது 80 சதவீதம் அடிமட்டத்துக்குப் போக வேண்டும் என்று எழுதிவைத்தது. கென்யாவின் இசியோலோ மாவட்டத்தில் தொடங்கி வேறு சில மாவட்டங்களுக்குப் பரவிய காலநிலை நிதி ஏற்பாட்டில், 70 சதவீத முதலீடு வார்டு அளவிலான குழுக்களின் தேர்வுக்கு விடப்பட்டது. குழு உறுப்பினர்களை ஊர் மக்களே தேர்ந்தெடுத்தார்கள். விதிகளுக்கு உட்பட்ட ஒரு முன்மொழிவை மேலே இருக்கும் மாவட்டக் குழு மேம்படுத்த உதவலாம், நிராகரிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. என் பார்வையில் சதவீதத்தைவிட இந்தக் கடைசி விதி கனமானது. பங்கேற்பு என்று நாம் எழுதும் பெரும்பாலானவற்றில் விவசாயி பேசலாம், மறுக்க முடியாது. இங்கே ஊர்க்குழு சொன்னதை மறுக்க மேலிடத்துக்கு வழி இல்லாமல் செய்திருந்தார்கள். மூன்று நிமிடம் பேச ஒலிவாங்கியைக் கொடுப்பதற்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது.

இடையாட்களைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நானும் அவர்களில் ஒருத்தி. இடையாளே வேண்டாம் என்று வாதிடுவது நடைமுறைக்கு ஒவ்வாது. 1973-ல் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், வேலை மாறியவர்களில் பலருக்குப் புதிய வேலை பற்றிய செய்தி நெருங்கிய நண்பர்களிடமிருந்து வராமல், எப்போதாவது சந்திப்பவர்களிடமிருந்து வந்தது என்று காட்டினார். நமக்கு நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். விவசாயிகளுக்கும் இது பொருந்தும்: ஊருக்குள் உறவு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், புதிய ரகமோ புதிய விதியோ தூரத்துத் தொடர்பு வழியாகத்தான் வந்து சேரும். அந்தத் தூரத்துத் தொடர்பு பெரும்பாலும் ஒரு தனி மனிதர், மூன்றாண்டுத் திட்டத்தின் சம்பளத்தில் வேலை செய்பவர். திட்டம் முடிந்த மாதத்தில் அவர் வேறு ஊருக்கு, வேறு திட்டத்துக்குப் போய்விடுகிறார். அவர் தொலைபேசியில் இருந்த எண்கள் எந்த அலுவலகப் பதிவேட்டிலும் இல்லை. அடுத்த திட்டம் வந்து அடிப்படை ஆய்வு நடத்தி, அதே விவசாயிகளிடம் அதே கேள்விகளை மீண்டும் கேட்கிறது. நான் விலகி வந்த ஓரிடத்தில் இப்படித்தான் நடந்தது என்று பின்னர் கேள்விப்பட்டபோது அது என்னை வெகுநாள் உறுத்தியது. அதன் பிறகு, யார் யாரை எதற்காக அணுகலாம் என்ற பட்டியலை ஊர்க் கூட்டுறவின் கையில் எழுத்தில் கொடுக்காமல் எந்த வேலையையும் முடிப்பதில்லை.

அந்தக் குத்தகை விவசாயியின் பயிலரங்குக்கு வருகிறேன். கடைக்காரருக்கும் நில உரிமையாளருக்கும் ஒட்டுத்தாள் ஒட்டிய பிறகு, அவர் ஒரு பேனாவைக் கேட்டார். தன் பெயரிலிருந்து, தாளின் மறுகோடியில் காப்பீட்டுக்கான மழை வரம்பைக் கணக்கிடும் பிரிவு வரைக்கும் ஒரு கோடு போட வேண்டும் என்றார். எந்த நிறம் என்று கேட்டேன். அவர் பணம் கொடுக்கப் போவதில்லை, உத்தரவு போடப் போவதில்லை, வெறும் தகவலும் ஆலோசனையும் கொடுப்பதும் அவர் நோக்கமில்லை. “நான் கேட்டால் அவர்கள் பதில் சொல்ல வேண்டும், அதற்கு எது நிறம்?” என்றார். நான் கொண்டுபோயிருந்த நான்கு நிறங்களில் அதற்கு ஒன்று இல்லை. பென்சிலால் அந்தக் கோட்டைப் போட்டோம்.

இப்போது என் பையில் ஐந்தாவதாக ஒரு ஊதா நிறப் பேனா இருக்கிறது. கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட உறவுக்கு அந்த நிறம் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறேன். அந்த நிறத்தில் ஒரு கோடு கூட விழாமல் முடிந்த தாள்கள்தான் இதுவரை அதிகம்.